வாடகை வீட்டுக்குள் ஒரு வாடகைக்காரர்

ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி, கோணத்தில் பொறியியல் கல்லூரி, கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடக்கே மகேந்திரகிரி ராக்கெட் மையம். நாகர்கோவிலில் ஒற்றை அறை தேடி அலைகிறவர்களுக்குக் குறைவே இல்லை. நாம் இருப்பதே வாடகை வீடுதான். ஆனாலும் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வாடகையில் பாதி வந்தால் கசக்கவா செய்யும்? இறங்கும் முன் சில குறிப்புகள்.

1. வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "அதுக்கென்ன, வச்சுக்கோ" என்ற வாய்ப்பேச்சு போதாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால் உங்களையே காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணமாகிவிடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் புறவாசலில் நிற்கும் நாலு தென்னையும் வீட்டுக்காரருக்குத்தான். தேங்காய் வெட்ட ஆளோடு வந்த அண்ணாச்சி, கொடியில் கிடந்த லுங்கியைப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் லுங்கி கட்டுகிற ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

"இது யாருக்க லுங்கி?"

"சித்தி மகன் வந்திருக்கான், அண்ணாச்சி."

நேரம் பார்த்து எங்கள் அறைக்காரப் பையன் வாயில் பிரஷ்ஷோடு வந்து, "ஆன்ட்டி, குழாயில தண்ணி வரல" என்றான். சித்தி மகன் எந்த ஊரில் அக்காவை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறான்? அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டு முடிந்தால் எங்களுக்கென்று ரெண்டு தேங்காய் படியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கு வைக்கவில்லை. மறுநாளே வீடு தேடிப் போய் உள்ளதைச் சொல்லி, ஒரு தாளில் எழுதி வாங்கினேன்.

2. ஒத்திக்கு எடுத்த வீடு என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. நம்ப வேண்டாம். பத்திரத்தில் உள்வாடகை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. உங்கள் ஒப்பந்தம் 11 மாதம் என்றால், அறைக்காரருக்கு 10 மாதம் எழுதுங்கள். நீங்களே வெளியேறவேண்டிய நாளில் அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் ரெண்டு பக்கமும் பதில் சொல்வது நீங்கள்தான். அட்வான்ஸையும் அளவோடு வாங்குங்கள். முதலில் சொன்ன வாடகைச் சட்டம் வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 3 மாத வாடகைதான். ஒற்றை அறைக்கு ஒரு மாதம் தாராளம்.

4. கரண்ட் கணக்கு. ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும். மேலே ஓடுகிற யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். வந்தவர் இன்டக்‌ஷன் அடுப்பும் ஏசியும் கொண்டுவந்தால் 500 என்பது தூரமில்லை. பில்லைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். அறைக்கு ஒரு சப்மீட்டர் மாட்டினால் சண்டை பாதி குறையும். அதற்கும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

5. ஆதார் நகல், வேலை பார்க்கும் இடம், ஊரில் ஒருவருடைய போன் நம்பர். அந்த நம்பருக்கு அட்வான்ஸ் வாங்கும் முன்பே அழைத்துப் பேசுங்கள். வெளிநாட்டவர் என்றால் தங்கவைத்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். "ஆதாரில் உங்க அட்ரஸைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டால், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தலையாட்டாதீர்கள்.

6. ஒரு பெண்பிள்ளையைக் கூட வைத்துக்கொள்வது வேறு. நாலைந்து பேரைச் சேர்த்துச் சாப்பாடும் போட ஆரம்பித்தால் அது மகளிர் விடுதி. 2014ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி உரிமம் வேண்டும்.

7. கருவாடு! சிரிக்காதீர்கள். சாளைக் கருவாடு சுடுகிற மணம் நமக்கு வாசம், சிலருக்குக் குமட்டல். அடுக்களையில் என்ன வேகும், அவர் அங்கே சமைக்கலாமா, காலை 6 மணிக்குக் குளியலறை யாருக்கு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஷிப்டு வேலைக்காரர் என்றால் நடுராத்திரியில் கேட் திறக்கும்; பகலில் அவர் தூங்கும்போது உங்கள் மிக்சி ஓடும்.

8. நம் மாவட்டத்துக்கு ரெண்டு மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஓட்டு வீட்டில் எந்த இடத்தில் ஒழுகும் என்பதை அறை காட்டும்போதே சொல்லி, சுவரையும் தரையையும் போனில் படம் பிடித்து அவருக்கும் அனுப்பிவையுங்கள். ஈரக்கறை யாரால் வந்தது என்ற பேச்சு பிறகு எழாது.

9. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் என்றால் அறைக்காரருக்கும் விருந்தாளி வருவார்கள். எத்தனை பேர், எத்தனை ராத்திரி என்று முன்பே கேளுங்கள். பாய் விரிக்க இடம் இருந்தாலும் கிணற்று மோட்டார் ஒன்றுதான்.

10. காலி செய்கிற அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு, மாலைக்குள் பூட்டை மாற்றிவிடுங்கள். எங்கள் அறைக்காரப் பையன் போய் எட்டு மாதம் கழித்து, பழைய பேன்ட் பையில் கிடந்ததென்று இன்னொரு சாவியைக் கூரியரில் அனுப்பினான்.