யாழ்ப்பாணத்து வேலியும் எல்லை வழக்கும்

வேலி என்னும் சொல் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தரும். பயிரையும் மனையையும் சூழ்ந்து காப்பது வேலி. சோழநாட்டு நிலக்கணக்கிலோ 20 மா கொண்ட நிலமும் வேலியெனப்படும். நிலத்தைப் பரப்பென்றும் குழியென்றும் அளந்து பழகிய யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு வேலி என்றவுடன் முதற்பொருளே மனத்தில் எழும். கூடவே வழக்கு என்னும் சொல்லும் எழும். ஒரு சாண் நிலத்துக்காக ஒரு பரப்பை விற்று வழக்காடினான் என்று நம்மவரை நாமே நகையாடுவதும் உண்டு. நகைத்தல் எளிது. அவ்வழக்கு வேலியின்கண் ஏன் பிறக்கின்றது என்று ஆராய்வாரோ சிலர். நம்மவர் பேராசையே காரணமென்று கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. பேராசை எந்நாட்டிலும் உண்டு. நம் எல்லைக்குறி உயிருள்ளது என்பதே அதன் காரணமென்று யான் கருதுகின்றேன்.

அயலானுடைய எல்லைக்குறியைப் பெயர்த்தலை மோசேயின் நியாயப்பிரமாணம் கண்டிப்பதை உபாகமம் படித்தோர் அறிவர். எல்லைக்குறி என்றவுடன் உலகத்தார் பெரிதும் கருதுவது கல்லையே. பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் 1923ஆம் ஆண்டு எழுந்த நில அளவை எல்லைச் சட்டத்தின்படி புலத்துக்கு எண்ணும், மூலைக்குக் கல்லும், அரசாங்கத்தாரிடம் படமும் உண்டு. கல்லை ஒருவன் இரவிற் பிடுங்கக்கூடும். பிடுங்கினாற் பிடுங்கியது தெரியும். கல் தானாக வளராது, பருக்காது, பட்டுப்போகாது. நம் கதியாலோ இவை யாவும் செய்யும்.

கதியால் என்பது வேலிக்காக நடும் உயிர்த்தடி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிற்காலத்தில் வந்த சீமைக்கிளுவை என்பனவற்றின் கொம்புகளை வெட்டி ஐப்பசி கார்த்திகை மழையில் நிரையாக நடுவர். ஈரத்திலே அவை வேரூன்றித் தளிர்க்கும். அவற்றிற்குக் குறுக்கே வரிச்சு வைத்துப் பனையோலையாலோ கிடுகாலோ மறைத்துக் கட்டினால் வேலி முற்றுப்பெறும். ஓலையும் கிடுகும் உக்குவதனாற் சில ஆண்டுக்கொருமுறை பழையதைக் களைந்து புதியதை அடைத்தல் வேண்டும். கதியாலும் எல்லாம் ஒருங்கே நிலைத்து நிற்பதில்லை. ஒன்று பருத்து அடிமரமாகும், ஒன்று பட்டுப்போகும். பட்டதன் வேர் கிடக்கும் குழியில் புதியது நடுதல் அரிதாகலின் அதன் அருகே நடுவர். அருகு என்பது எப்பக்கம் என்பதிலேதான் சங்கதி இருக்கின்றது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 100 அடி நீளமுள்ள வேலி 9 அங்குலமாகிய ஒரு சாண் நகர்ந்தால் 75 சதுர அடி நிலம் கைமாறும். இங்ஙனம் நான்கு முறை நிகழின் 300 சதுர அடி. இது ஒரு பேர்ச்சினும் அதிகம். ஒரு பரப்பாவது 10 பேர்ச்சு. ஆகவே ஒரு தலைமுறைக் காலத்தில், ஒருவரும் திருடினார் என்று சொல்லுதற்கிடமின்றியே, ஒரு பரப்பிற் பத்திலொரு பங்கு அயலவளவுக்குப் போய்விடும். நகர்த்தியவன் வஞ்சகனாயும் இருக்கலாம். பட்ட தடிக்குப் பக்கத்தில் இளகிய மண் கண்டு நட்ட கூலியாளாயும் இருக்கலாம். கதியாலைப் பார்த்து இதனை அறிதல் இயலாது. பருத்த அடிமரத்தின் நடுவா, உட்புறமா, வெளிப்புறமா எல்லை என்பது பிறிதொரு வினா. மரம் நடும்போது விரற்பருமனாயிருந்தமையின் அவ்வினாவை அன்று ஒருவரும் எழுப்பவில்லை.

வேலி நிலத்தை மாத்திரமன்றிப் பயனையும் பிரிக்கின்றது. பூவரசங்குழை புகையிலைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பசளை. கிளுவையிலையும் முள்முருக்கிலையும் ஆட்டுக்குத் தீன். வேலி ஒருவருடையதாயும் கொப்பு மற்றவர் வளவிற் சாய்ந்ததாயும் இருக்கையிற் குழை யாருக்கு? எல்லையிலே விழுந்த பனங்கொட்டை முளைத்து வடலியாயிற்று, வடலி பனையாயிற்று, அதன் நுங்கும் ஓலையும் மட்டையும் யாருக்கு? பனை பல்லாண்டு நிற்பதாகலின் எல்லைக்குச் சான்றாக அதனை நம்புவர். அதனாலேயே எல்லைப் பனையைத் தறித்தல் பெரும் பகைக்கு வித்தாகின்றது. தறித்தவன் மரத்தை மட்டுமன்றிச் சாட்சியையும் அழித்தானென்று மற்றவன் எண்ணுகின்றான். அவன் எண்ணுவதிலும் நியாயமுண்டு.

வேலியடைக்கும் தொழிலில் ஒரு விசேடம் உண்டு. ஓலையை வரிச்சோடு சேர்த்துக் கட்டுதற்குக் குத்தூசியிற் கயிற்றைக் கோத்து ஒருவர் இப்புறமிருந்து குத்த, அப்புறம் நிற்பவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்துதல் வேண்டும். எனவே அயல்வளவில் ஓராள் நில்லாமல் வேலி அடைபடாது. எங்களூரில் ஏழெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தையற்றிருந்த இரு குடும்பத்தார் வேலியடைப்பு நாளிலே இருபுறமும் நின்று ஒரு சொல்லும் பேசாமற் கயிறு மாற்றிக்கொண்டதை யான் சிறுவயதிற் கண்டிருக்கின்றேன். ஒரு கிழவி மாத்திரம், "மச்சான், இழுத்துப் பிடியும்" என்று பழக்கத்தாற் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறத்திருந்து மறுமொழி வரவில்லை; கயிறு மட்டும் இறுகிற்று.

இனி எழுத்தைப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். அவ்வுறுதி காணியின் பெயரையும் பரப்பையும் கூறிய பின் நான்கு எல்லையையும் கூறும். கிழக்கெல்லை ஒழுங்கை, வடக்கெல்லை இன்னார் காணி, மேற்கெல்லை இன்னார் மனைவி இன்னாரும் பங்காளரும், தெற்கெல்லை இன்னார் என்று அது செல்லும். படமில்லாத பழைய உறுதியில் மனிதர் பெயரே எல்லை. அவர் இறப்பர், மகளுக்குச் சீதனமாகக் காணி பிரியும், பேரன் தன் பங்கை விற்பான். அடுத்த உறுதியை எழுதுவோரோ பழைய உறுதியைப் பார்த்து அதே பெயர்களை எழுதுவர். மூன்று தலைமுறை சென்றபின் உறுதியிலுள்ள நால்வரையும் ஊரில் ஒருவரும் அறியார். பரப்புக் கணக்கும் எல்லையும் முரண்படின், எல்லை தெளிவாயிருக்குமிடத்து எல்லையே மேலானதென்பது நீதிமன்றங் கொண்ட கொள்கை. எல்லையெனப்படுவதோ இறந்தவர் பெயரும் நகர்ந்த கதியாலுமாயின் என் செய்வது?

இந்நிலைமையைப் பழைய வழக்கம் ஒருவாறு தாங்கி நின்றது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, காணி விற்கப்படும்போது உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியை ஒற்றியாக வைத்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை அளித்தது. அயலான் என்பவன் நிலத்தின் விதியிற் பங்குடையவன் என்னும் எண்ணம் இதிற் புலப்படும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்குமாகக் குறுக்கிற்று. வாணிபத்துக்கு அது வசதியே. ஆயினும் அயலானைச் சட்டம் அன்னியனாக்கிய நாளும் அதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

வழக்கென்று புறப்பட்டோர் செல்லும் வழிகளை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். ஊரிலே இவைபற்றி மயக்கம் மிகுதி. வேலி பிடுங்கப்பட்டுக் கைகலப்பு நேருமென்று பொலிசார் அஞ்சினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் முதனிலை நீதிமன்றத்துக்கு அறிவிப்பர். அந்நீதிமன்றம் காணி யாருடையதென்று தீர்ப்பதில்லை. அறிவித்த நாளில் யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் யாரேனும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனரா என்று மாத்திரம் பார்க்கும். கட்டளை பெற்றவர் "காணி எனக்காயிற்று" என்று வெடி கொளுத்துதல் வீண். உரிமையைத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். எல்லை முன்னொருகால் தெளிவாயிருந்து பின் அழிந்துபோயிற்றாயின், அதனை மீண்டும் நிறுவித் தருமாறு கேட்கும் வழக்கு உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் உண்டு. நீதிமன்றக் கட்டளை பெற்ற நில அளவையாளர் வந்து அளந்து படம் கீறுவார். எதிராளியோ 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி, "பத்தாண்டு தடையின்றி எனக்கென்றே ஆண்டேன், ஆகவே எனது" என்பான். மெல்ல நகர்ந்த கதியாலுக்குப் பத்தாண்டு எங்கே தொடங்கிற்றென்று கூற வல்லார் யார்? சாட்சிகள் மெய்யாகவே நம்பியதைச் சொல்லியும் முரண்படுவது இதனாலேதான். இவ்விரு மன்றங்களிலும் எளியது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இணக்கசபை. அங்கே பிரக்கிராசியார் வேண்டியதில்லை, செலவும் அற்பம். இருவரும் ஒப்புக்கொண்டால் மாத்திரமே தீர்வு என்பதே அதன் குறையும் நிறையும்.

இவ்வளவும் மக்கள் ஊரிலிருந்த காலத்துக்குரியன. 1990இல் வலிகாமம் வடக்கினின்றும், 1995 அக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதினின்றும் மக்கள் வெளியேறினர். இரண்டாவது பெயர்வு ஐப்பசி மழையில் நிகழ்ந்தது. கதியால் நடும் பருவம் அது. வெட்டி வைத்த தடிகளை முற்றத்திற் போட்டுவிட்டுப் போனோர் இருப்பர். சிலர் அடுத்த ஆண்டே மீண்டனர். உயர்பாதுகாப்பு வலயத்துட்பட்ட காணிகளுக்குரியோரிற் பலர் இருபதாண்டுக்கு மேலாகியும் மீளவில்லை. மீண்டபோது ஓலை உக்கிப்போயிற்று, கதியால் காடாயிற்று, சிலவிடத்து வீடும் மரமும் வேலியும் தரைமட்டமாகி ஒரே வெளியாய்க் கிடந்தன. எல்லையைச் சொல்லவல்ல முதியோர் இடம்பெயர்ந்த ஊர்களில் இறந்தனர், அல்லது கடல்கடந்தனர். உறுதி உள்ளவரும் உண்டு. ஓட்டத்தில் உறுதியை இழந்தவரும் உண்டு. உயிருள்ள குறி, எழுத்து, நினைவு ஆகிய மூன்றும் ஒருங்கே அற்றமை நம் நாட்டில் முன் நிகழாதது. போர்க்காலத்தில் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோர்க்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலம் எண்ணப்படாதிருக்குமாறு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வகைசெய்தது. ஆண்டுகளை அச்சட்டம் மீட்டுத் தந்தது. எல்லையை அது மீட்டுத் தர இயலாது.

மீண்டோர் இப்போது வேலியடைப்பதை விட்டு மதில் எழுப்புகின்றனர். ஓலை கட்டுவோர் அருகினர். வெளிநாட்டுப் பணமும் வருகின்றது. தகரத்தை நிறுத்துதல் ஒருநாள் வேலை. மதில் நகராது என்பது மெய். அதனாலேயே முதற்கல் வைக்கும் இடத்தைப் பிழைத்தால் அப்பிழையும் நகராது. வேலியிற் பொட்டு வைத்து நெருப்புக்கும் உப்புக்கும் போய்வந்தவர்கள், இன்று அத்திவாரம் வெட்டும் நாளில் அயலாருக்கு அறிவிப்பதுமில்லை. அவர் கனடாவில் இருக்கிறார், வந்தாற் பார்த்துக்கொள்வோம் என்பர். அவர் வரும்போது வழக்கும் வரும்.

இடம்பெயர்ந்து மீண்ட ஊரொன்றிற் கையாளப்பட்ட முறை ஒன்றைக் கேட்டறிந்தேன். அறிவுடைய முறையாகத் தோன்றுகின்றது. சுண்ணக்கல்லிற் குடைந்த கிணறு பெயர்ந்து போவதில்லை. ஆதலின் முதலிற் பற்றையை வெட்டிக் கிணற்றைக் கண்டுபிடிப்பர். பின் ஒழுங்கையின் ஓரத்தைத் தேடுவர். இவ்விரண்டிலுமிருந்து உறுதியிலுள்ள பரப்பைக் கயிறு பிடித்து அளந்து, இருபக்கத்து வளவுக்காரரும், வெளிநாட்டிலுள்ளவர் சார்பில் ஓர் உறவினரும் நிற்கத் தற்காலிகமாக முளை அடிப்பர். ஒரு வாரம் அம்முளை அப்படியே நிற்கும். ஆட்சேபமுள்ளவர் அதற்குள் சொல்லலாம். அதன்பின்னரே நில அளவையாளரை அழைத்துப் படம் கீறுவித்து, இரு வளவுக்காரரும் அப்படத்திற் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வர். பின்பு எழுதும் உறுதியில் எல்லைப் பெயர்களோடு அப்படத்தின் இலக்கமும் சேரும். செலவை இரண்டாகப் பிரிப்பர். முளை நின்ற நிரையில் மதில் கட்டுவோர் கட்டலாம். பணமில்லாதார் மழை தொடங்கியதும் கிளுவை நடலாம்.