செஞ்சிக் கோட்டை: பார்ப்பதும் பசியாறுவதும்



செஞ்சி விழுப்புரம் மாவட்டத்து ஊர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் அந்தச் சாலையே மதிலை ஊடறுத்துக் கோட்டைக்குள் நுழைகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர் நீளம். மூன்றையும் ஒரே நாளில் ஏறிவிடப் புறப்படுகிறவர் எதையும் நிதானமாகப் பார்ப்பதில்லை. முதல் வருகைக்கு ராஜகிரியும் அதன் அடிவாரமும் போதும். அதற்கே ஒரு பகல் வேண்டும்.

கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவிலும் மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்று உண்டு. 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே மதிலுக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், உணவகங்களும் அங்கேயே இருக்கின்றன. பசித்தால் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி சுற்றலாம். செஞ்சியில் அது நடக்காது. கடைத்தெரு முழுவதும் ஊருக்குள். உள்கோட்டையில் கல்லும் குளமும் கோயிலும்தான். ஆகவே எங்கே, எப்போது சாப்பிடுவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்பக் கோட்டைப் பயணத்தை அமைத்துக்கொள்வதே சரி.

காலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் இட்லி, பொங்கல், வடை சூடாகக் கிடைக்கும். வயிறு நிறையாமல் ராஜகிரி ஏறக் கூடாது; வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறக் கூடாது. இட்லி அதற்கு நல்ல அளவு. தண்ணீரை ஊரிலேயே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும். வெயில் ஏறுமுன் மலையடிக்குப் போய்ச் சேர்வது முக்கியம். சித்திரை, வைகாசியில் பாறையின் சூடு காலைச் சுடும். பிற்பகலில் மேலே ஏற விடமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். படிகள் சீரானவை அல்ல. நின்று நின்று ஏறினால் உச்சிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வழியில் கமலக்கன்னி அம்மன் கோயில். உச்சிப்பாறைக்குச் சற்று முன்னால் மலை பிளந்து ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறது. அதைக் கடக்கச் சிறு பாலம் ஒன்றுதான் வழி. பாலத்தை எடுத்துவிட்டால், சிலரே நின்று பெரும்படையைத் தடுக்கலாம். மேலே ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் பீரங்கியும் இருக்கின்றன.

இறங்கி வந்தபின் அடிவாரத்தைப் பார்ப்பது நல்லது. பெரும்பாலோர் கல்யாண மகாலின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் தானியக் களஞ்சியம்தான் இந்தக் கோட்டையின் உயிர்நாடி. தடித்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே நுழைந்தால் இருட்டும் குளிர்ச்சியும். யானைக்குளம், சக்கரக்குளம், செட்டிகுளம் ஆகியவற்றையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மலைமேலும் சுனைகள் உண்டு. நெல்லும் தண்ணீரும் உள்ளேயே இருந்ததால்தான் செஞ்சி நீண்ட முற்றுகையைத் தாங்கியது.

சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் 1689இல் இங்கே வந்து சேர, மறு ஆண்டு முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் முற்றுகையிட்டார். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரின் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து முகலாயருக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தது. முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டை விழுந்தது 1698இல்; அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. ஆனாலும் மராட்டியர் இங்கே ஆண்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகளே. அவர்கள் கட்டியதைவிட விஜயநகரத்தாருக்கு உட்பட்ட நாயக்கர்கள் எழுப்பியவை மிகுதி.

நாயக்கர் கைவண்ணத்தைக் காண வேங்கடரமணர் கோயிலுக்குப் போக வேண்டும். வாயிற்சுவரில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைதலும் செதுக்கப்பட்டிருக்கின்றன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை என்பர். ராஜகிரி அடிவாரத்தில் 1717-18இல் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் மசூதி இருக்கிறது. 1714இல் செஞ்சியை ஆண்ட இளம் ராஜா தேசிங்கை வென்ற ஆற்காட்டு நவாப் அவரே.

மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். செஞ்சி நெல் வணிகத்துக்குப் பேர்போன ஊர். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் முன் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டும். எனவே இங்கே வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவதுதான் பொருத்தம். பிரியாணிக் கடைகளும் உண்டு. கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் கூடவே வரும். பேருந்துக்குக் காத்திருக்கையில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கலாம். கோடையில் சாலையோரம் நுங்கும் கேழ்வரகுக் கூழும் கிடைக்கும். மலையேறிக் களைத்த உடம்புக்கு, மோர் ஊற்றிக் கரைத்த கூழைவிட நல்ல பானம் எந்தப் புட்டியிலும் கிடையாது.

மாலையில் நேரம் மிஞ்சினால் வடக்கே சிங்கவரம். பல்லவர் காலத்தில் குடைந்த கருவறையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு போருக்குப் போகும்முன் வணங்க வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரார் சொல்வார்கள். கோயில் பகலில் மூடியிருக்கும். மாலை நடை திறந்தபின் போவது நல்லது.

நாள் குறிக்கும்போது அமாவாசையைத் தவிர்க்க வேண்டும். அன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகும். பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காது.