சோனி கம்ப்யூட்டர்களை உடைத்தது யார்? எதற்காக?

"இந்த ஹேக்கர்கள் எதற்காகத்தான் சார் இப்படிச் செய்கிறார்கள்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இது தவறாமல் இடம் பெறும். பணத்திற்காக என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான். ஹேக்கர்களின் நோக்கம் என்ன என்று உலகமே பல மாதங்கள் மண்டையைக் குடைந்துகொண்ட ஒரு நிகழ்வை இங்கு பார்க்கலாம். ஐ.பி. முகவரி, பிராக்ஸி, வைப்பர் எனச் சில சொற்களையும் அதன் வழியே தெரிந்து கொள்ளலாம்.

2014 நவம்பர் 24, திங்கட்கிழமை. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் கல்வர் சிட்டி என்னும் ஊரில் இயங்கும் சோனி பிக்சர்ஸ் திரைப்பட நிறுவனத்தின் ஊழியர்கள் காலையில் கம்ப்யூட்டரை இயக்கினர். திரையில் சிவப்பு நிற எலும்புக்கூடு ஒன்றின் படமும் ஒரு மிரட்டல் செய்தியும் தோன்றின. "கார்டியன்ஸ் ஆஃப் பீஸ்", அதாவது அமைதியின் காவலர்கள், என்று ஹேக்கர்கள் தங்களுக்குப் பெயர் சூட்டிக் கொண்டிருந்தனர். (நாசம் செய்ய வருபவர்களுக்கு எப்போதும் நல்ல பெயர்தான் கிடைக்கிறது!)

திருடியதோடு அவர்கள் நிற்கவில்லை. வெளிவராத திரைப்படங்கள், நிறுவனத் தலைவர்களின் மெயில்கள், சம்பளப் பட்டியல்கள் என ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் வெளியிட்டனர். ஏறத்தாழ 47,000 பேரின் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் வெளியாயின. அமெரிக்காவில் வங்கிக் கணக்கு, கடன், வரி எல்லாவற்றிற்கும் இந்த எண் வேண்டும். மாற்றுவதும் எளிதல்ல. டிசம்பர் 5 அன்று ஊழியர்களுக்கு வந்த மெயில் ஒன்று, அவர்களின் குடும்பத்தினருக்கு ஆபத்து வரும் என்று மிரட்டியது. சம்பளத்திற்கு வேலை பார்த்தவர்கள் அவர்கள். எந்தச் சண்டைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.

கம்ப்யூட்டர்களில் இருந்த பைல்களையும் அழித்தனர். இதற்குப் பயன்பட்ட புரோகிராம் வகையைத்தான் வைப்பர் என்கிறோம். நாம் ஒரு பைலை டெலீட் செய்திடும்போது, வழக்கமான ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பைல் உடனே மறைந்துவிடுவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிடுவது போன்றது அது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். அதனால்தான் மீட்டுத் தரும் புரோகிராம்களால் பல வேளைகளில் பைலைத் திரும்பப் பெற முடிகிறது. வைப்பர் அப்படி விடாது. பக்கங்களின் மேலேயே மையைக் கொட்டிவிடும். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்குவதற்குத் தேவையான மாஸ்டர் பூட் ரெகார்ட் என்ற பகுதியையும் சோனியில் அது அழித்தது. ஊழியர்கள் பேப்பருக்கும் பேனாவுக்கும் பேக்ஸ் மெஷினுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று.

இனி நோக்கத்திற்கு வருவோம். மூன்று ஊகங்கள் உலவின.

முதலாவது பணம். தாக்குதலுக்கு மூன்று நாட்களுக்கு முன், நவம்பர் 21 அன்று, நிறுவனத் தலைவர்களுக்குப் பணம் கேட்டு ஒரு மெயில் வந்திருந்தது. அதில் எந்தத் திரைப்படம் பற்றியும் பேச்சில்லை.

இரண்டாவது பழிவாங்கல். வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னைக் கொல்லச் செல்லும் இருவரைப் பற்றி "தி இன்டர்வியூ" என்ற நகைச்சுவைப் படத்தைச் சோனி எடுத்திருந்தது. 2014 ஜூன் மாதமே வட கொரியா இதனைக் கடுமையாக எதிர்த்தது. டிசம்பர் 16 அன்று, படத்தைத் திரையிடும் தியேட்டர்கள் தாக்கப்படும் என மிரட்டல் வந்தது. மறுநாளே டிசம்பர் 25 வெளியீட்டைச் சோனி ரத்து செய்தது. இது தவறு என்று அதிபர் ஒபாமா கருத்துக் கூற, பின்னர் இன்டர்நெட்டிலும் சில நூறு தியேட்டர்களிலும் படம் வெளியானது.

மூன்றாவது, வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவரின் கோபம். வல்லுநர்கள் சிலரே இதனை முன்வைத்தனர். காரணம், அந்த வைப்பரின் உள்ளே சோனி சர்வர்களின் பெயர்களும் பாஸ்வேர்ட்களும் எழுதப்பட்டிருந்தன. உள்ளே இருப்பவருக்குத்தானே இவை தெரியும்? கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒருவர் பல வாரங்கள் நெட்வொர்க்கினுள் ஒளிந்திருந்தால், அவருக்கும் இவை எல்லாம் தெரிந்துவிடும். எனவே இந்தச் சான்று இரு பக்கமும் சாயும்.

டிசம்பர் 19 அன்று எப்.பி.ஐ. வட கொரியாவைக் குற்றம் சாட்டியது. 2013ல் தென் கொரிய வங்கிகள், டி.வி. நிறுவனங்கள் மீது நடந்த தாக்குதலின் புரோகிராமுடன் ஒற்றுமை இருக்கிறது என்றது. 2015 ஜனவரியில் அதன் தலைவர் ஜேம்ஸ் கோமி இன்னொன்றும் சொன்னார். ஹேக்கர்கள் சில நேரங்களில் பிராக்ஸியைப் பயன்படுத்தத் தவறியதால், வட கொரியர்கள் மட்டுமே பயன்படுத்தும் ஐ.பி. முகவரிகள் தெரிந்துவிட்டன என்றார்.

ஐ.பி. முகவரி என்பது இன்டர்நெட்டில் உங்கள் இணைப்பின் வீட்டு எண் போன்றது. பிராக்ஸி என்பது, மதுரையில் எழுதிய கடிதத்தை மும்பையில் இருக்கும் நண்பரிடம் அனுப்பி, அங்கிருந்து தபாலில் சேர்க்கச் சொல்வது போன்றது. உறையில் மும்பை முத்திரைதான் இருக்கும். ஆகவே, முத்திரையை மட்டும் வைத்து எழுதியவரை முடிவு செய்யலாமா என்று சந்தேகப்பட்டவர்கள் கேட்டனர். புரோகிராமையும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தலாம். நியாயமான கேள்விகள்தான்.

2018 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை 179 பக்கக் குற்றச்சாட்டு ஆவணத்தை வெளியிட்டது. பார்க் ஜின் ஹ்யோக் என்ற வட கொரியரின் பெயர் அதில் இருந்தது. என் பார்வையில் இதன் பலம் ஐ.பி. முகவரிகளில் இல்லை. ஒரே மெயில் கணக்குகளும் ஒரே புரோகிராம் துண்டுகளும் வெவ்வேறு தாக்குதல்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியதுதான் பலம். எனினும் இது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. வட கொரியா தொடக்கத்திலிருந்தே மறுத்து வருகிறது.

அந்த ஆவணம் சோனியுடன் சேர்த்த மற்ற இரண்டைப் பாருங்கள். ஒன்று, 2016ல் பங்களாதேஷ் மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் திருடு போனது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட இன்னொரு 2 கோடி டாலர் தப்பியது. பவுண்டேஷன் என்ற சொல்லின் ஸ்பெல்லிங்கைத் திருடர்கள் தவறாக எழுதியதால், இடையில் இருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்துவிட்டது! மற்றொன்று, 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, 300 டாலர் கேட்ட வான்னாக்ரை. ஒரு படத்திற்கான கோபம் என்று தொடங்கியதாகக் கூறப்பட்டவர்களின் கணக்கில் பின்னர் வங்கிக் கொள்ளையும் சேர்கிறது. எனவே பணமா, பழியா என்று கேட்பதே சரியில்லை என்று நினைக்கிறேன். ஒரே கூட்டத்திற்கு இரண்டும் இருக்கலாம். நவம்பர் 21 மெயில் உண்மையான பேரமா, கவனத்தைத் திருப்பும் வேலையா என்பதை இரு விதமாகவும் வாதாடலாம்.

"நான் திரைப்படம் எடுக்கவில்லையே, எனக்கு என்ன?" என்கிறீர்களா? வான்னாக்ரை யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே வழங்கிய அப்டேட்டைப் பதியாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில்தான் அது புகுந்தது. அப்டேட் செய்தி வரும்போது "பிறகு" என்று தள்ளிக் கொண்டே போகாதீர்கள்.

குற்றச்சாட்டு ஆவணத்தின்படி, இந்தக் கூட்டம் பேஸ்புக்கும் கூகுளும் அனுப்பும் எச்சரிக்கை மெயில்களை அப்படியே நகலெடுத்து, உள்ளே இருக்கும் லிங்க்கை மட்டும் மாற்றி அனுப்பியது. இத்தகைய மெயில் வந்தால் லிங்க்கில் கிளிக் செய்திட வேண்டாம். பிரவுசரில் முகவரியை நீங்களே டைப் செய்து உங்கள் கணக்கிற்குள் சென்று பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கும் இருக்கும்.

சோனியில் வெளியான போல்டர்களில் ஒன்றின் பெயரே "பாஸ்வேர்ட்". உள்ளே ஆயிரக்கணக்கான பாஸ்வேர்ட்கள், பூட்டு இல்லாத பைல்களில்! உங்கள் டெஸ்க்டாப்பில் அப்படி ஒரு பைல் இருந்தால், அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் பைலை நீக்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நோட்டுப் புத்தகம் மோசமான வழி அல்ல.

பேக்அப் எடுக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள், அதனை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருப்பதைப் பார்க்கிறேன். வைப்பரோ வான்னாக்ரையோ உள்ளே வந்தால், இணைந்திருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே போகும். வாரம் ஒரு முறை இணைத்து, போட்டோக்களையும் டாக்குமெண்ட்களையும் காப்பி செய்திடுங்கள். காப்பி ஆன பைல்களில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு, டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ஐகானில் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்து, கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.