சுண்ணாம்புக்கல்லும் நிறைக்கணக்கும்

இரசாயனத்தில் நிறைக்கணக்கு என்றதும் மாணவருட் பலர் அஞ்சுகின்றனர். எண்களைக் கண்டவாறு பெருக்கியும் வகுத்தும், வந்ததை விடையென எழுதிவைப்பாரும் உளர். அக்கணக்கின் உட்பொருளை ஓர் உதாரணத்தால் ஈண்டு விளக்குவாம்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுடின் அதன் எடை குறைகின்றது. குறைந்த பங்கு யாண்டுச் சென்றது? கல்லினுள் அடங்கியிருந்த ஒரு வாயுவே வெளிப்போந்ததென ஸ்காத்லாந்து தேசத்து அறிஞர் ஜோஸப் பிளாக் என்பார் 1756-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிறுத்துக் காட்டி நிறுவினார். அதுவே கரியமிலவாயு. பொருள் அழிந்திலது, பிரிந்ததேயாம்.

இனி, அணுநிறைகளைக் கொள்வாம்: கால்சியம் 40, கரி 12, பிராணவாயு 16. கால்சியம் கார்பொனேட்டில் கால்சியம் ஒன்று, கரி ஒன்று, பிராணவாயு மூன்று; ஆகவே அதன் நிறை 40 + 12 + 48 = 100. சுட்ட சுண்ணாம்பின் நிறை 40 + 16 = 56. கரியமிலவாயுவின் நிறை 12 + 32 = 44. 56-உம் 44-உம் கூடின் 100 ஆதல் காண்க.

ஈண்டு ஒரு பிழையை விலக்குதல் வேண்டும். சமன்பாட்டில் ஒன்று, ஒன்று, ஒன்று என நிற்பன மூலக்கூறுகளின் எண்ணிக்கையே; எடையன்று. எடையெனக் கொள்ளின், ஒரு கிலோ கல் ஒரு கிலோ சுண்ணாம்பும் ஒரு கிலோ வாயுவும் தருமென்றாகும். ஒன்று இரண்டாதல் எங்ஙனம்?

வினா: நூற்றுக்கு 80 பங்கு கால்சியம் கார்பொனேட் உள்ள கல்லிலிருந்து 28 கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு பெற எவ்வளவு கல் வேண்டும்?

56 கிலோவிற்கு 100 கிலோ கார்பொனேட் வேண்டுமாதலின், 28 கிலோவிற்கு 50 கிலோ வேண்டும். கல்லில் 80 பங்கே அஃது உளதாகலின், 50-ஐ 100-ஆற் பெருக்கி 80-ஆல் வகுக்க, 62.5 கிலோ கல் என்பது விடை.

இவ்விடத்தே பலர் 50-ஐ 80-ஆற் பெருக்கி 100-ஆல் வகுத்து, 40 கிலோ என்பர். மாசு கலந்த கல் மிகுதியாக வேண்டுமேயன்றிக் குறைவாக வேண்டுவதெங்ஙனம்? நாற்பது கிலோ கல்லில் கார்பொனேட் 32 கிலோவே. அதிற் கிடைக்கும் சுண்ணாம்போ 17.92 கிலோவே.

விடையைச் சரிபார்ப்பாம். சுண்ணாம்பு 28, வாயு 22, மாசு 12.5, கூட்டினால் 62.5. வரவும் செலவும் ஒத்தன.

மாணவர்காள்! விடை கண்டவுடன் எழுதுகோலைக் கீழே வையாதீர். எல்லாப் பொருளையும் மீண்டும் தராசில் ஏற்றிப் பாருங்கள். பரீக்ஷையில் மதிப்பெண் ஒருபுறம் நிற்க. தன் கணக்கைத் தானே சோதிக்கும் நேர்மையே விஞ்ஞானக் கல்வியின் பயனாம்.