முதலில் எந்தச் சந்தேகம்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய திட்ட அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இறால் ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் போடாமல், நுண்ணுயிரை வைத்து நொதிக்கவிட்டுக் கைட்டின் எடுக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அறிக்கையில் பாதி கட்டடமும் கருவிகளும்தான். அதுதான் மனதை உறுத்துகிறது.

ஜெனன்டெக் கம்பெனியின் கதையைக் கேள். 1976-ல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளைஞர், சான் பிரான்சிஸ்கோவில் பேராசிரியர் ஹெர்பர்ட் போயரைத் தேடிப் போனார். ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். குறி என்னவோ இன்சுலின். ஆனால் முதலீட்டாளர் தந்த 1 லட்சம் டாலரில் சொந்த ஆய்வகம் கட்டவில்லை. போயரின் பல்கலைக்கழகத்துக்கும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகத்துக்கும் வேலையை ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். இன்சுலினையும் உடனே தொடவில்லை. அதில் 51 அமினோ அமிலங்கள், அதுவும் இரண்டு சங்கிலிகளாக. முதலில் எடுத்துக்கொண்ட சோமாடோஸ்டாட்டின் ஹார்மோனில் 14 மட்டும். மனித ஹார்மோனை பாக்டீரியா செய்து தருமா என்று பார்க்க அது போதுமே!

முதல் சோதனையில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அந்தச் சின்னஞ்சிறு பொருளை பாக்டீரியாவே சிதைத்துவிட்டது. பிறகு, பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்றின் நுனியில் அதை ஒட்டி வளரவிட்டு, கடைசியில் ரசாயனத்தால் வெட்டி எடுத்தார்கள். 1977-ல் அது பலித்தது. மறு வருடம் இன்சுலின். எலி லில்லி மருந்து நிறுவனம் வழியாக அதற்கு அரசு அனுமதி கிடைத்தது 1982-ல். முதல் தோல்வி சொந்தக் கட்டடத்துக்குள் நடந்திருந்தால் கம்பெனி அன்றே மூழ்கியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உன் சந்தேகத்துக்கு வருவோம். குடுவையில் வந்தது தொட்டியில் வருமா? நொதிப்புத் தொட்டிகளோடு பல வருடம் கிடந்தவன் சொல்கிறேன்: ஓடு கனம், அடியில் போய்ப் படியும். கலக்கல் சரியில்லையென்றால் நுண்ணுயிர் உண்டாக்கும் புளிப்பு அங்கே எட்டாது. அழுகல் கிருமி முந்திக்கொள்ளும். மூடியைத் திறந்தால் மூக்கே சொல்லிவிடும். ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பு வேறு அமிலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரே இறால் ஆலையின் ஓட்டைத்தான் நீ சோதித்திருக்கிறாய். வேறு இடத்து ஓட்டில் சுண்ணாம்பு கூடக் குறைய இருந்தால் உன் கணக்கு என்ன ஆகும்?

வாங்குபவரையும் இப்போதே போய்ப் பார். புண்ணுக்குக் கட்டும் துணிக்கு வாங்குபவர் கேட்கும் தூய்மை வேறு, வயலுக்கு வாங்குபவர் கேட்பது வேறு. இதில் எது என்று முடிவாகாமல் விலை போட முடியாது. உன் அறிக்கையில் விலை மட்டும் இருக்கிறது, ஆளைக் காணோம்.

காசுக்கு, மத்திய அரசின் பைராக் தரும் 'பிக்' மானியம் இருக்கிறது: 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. அதற்கு, குடுவையில் வந்தது தொட்டியில் வருமா என்ற ஒரு சந்தேகத்தைத் தீர்க்கும் வேலையை மட்டும் எழுதிக் கொடு. கருத்தரங்கில் போஸ்டர் வைக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடு; முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு. முன்கூட்டி வெளியே சொல்லிவிட்டால் பல நாடுகளில் உரிமை கேட்கவே முடியாது.

இந்த மாதம் இரண்டு ஆலைகளிலிருந்து ஓடு வாங்கி, இரண்டு பீப்பாயில் தனித்தனியாகப் போட்டுப் பார். மேலே இருந்தும் அடியில் இருந்தும் எடுத்து, சுண்ணாம்பு எவ்வளவு மிஞ்சியது என்று தெரியச் சாம்பல் அளவு பார்த்து எனக்கு எழுது. கட்டட வரைபடத்தை அதுவரை என்னிடமே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்