புது கிட்டார் ப்ராசஸர் வாங்கிய பிள்ளைகளுக்கு

ப்ராசஸர் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் புரட்டுவது பேட்ச்சுகளை. ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, டோன் சரியில்லை என்று பெட்டியைக் குறை சொல்வார்கள். பல சமயம் கோளாறு இருப்பது கிட்டார் உள்ளே நுழையும் வாசலில்தான். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. இன்புட் லெவல் என்பது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் அல்ல. பிக்கப்பிலிருந்து வரும் மின் அலை எண்களாக மாறுகிற இடம் அது. அங்கே ஓர் உச்சவரம்பு உண்டு, மீட்டரில் 0 டெசிபல். அதைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். வால்வ் ஆம்ப் திணறும்போது வரும் இதமான கரகரப்பை இங்கே எதிர்பார்க்காதே. பிக் கம்பியில் படுகிற கணத்தில் ‘டிக்’கென்று ஒரு வெடிப்புதான் கேட்கும். வெட்டுப்பட்டதைப் பின்னால் வரும் எந்த எஃபெக்ட்டாலும் மீட்க முடியாது.

2. கிளீன் பேட்ச்சில் வைத்து இன்புட் லெவலை அளந்து பார். டிஸ்டார்ஷன் பேட்ச்சில் அலை வெட்டுப்பட்டாலும் காதுக்குப் பிடிபடாது.

3. கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திற. எந்தப் பிக்கப் அதிகம் கத்துகிறதோ அதைப் போடு. ஆறு கம்பியும் அதிர ஓப்பன் ஈ கார்டை அடி. பிறகு உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் பக்கம் வைத்து, தடித்த கம்பியை மட்டும் அமுக்கி அடி. இரண்டையும் மேடையில் அடிக்கிற பலத்தோடு அடிக்க வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கை தானாக அடங்கிவிடும். பக்கத்தில் டிரம்ஸ் முழங்கும்போது அதே கை எப்படி விழும் என்று யோசி. அடி பலமாகி மின்னழுத்தம் இரட்டிப்பானாலே 6 டெசிபல் ஏறிவிடும்.

4. எவ்வளவு வைப்பது? இது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஃபிராக்டல் ஆக்ஸ் எஃப்எக்ஸில் பலமாக அடித்தால் சிவப்பு லேசாகத் தொட்டுப் போகலாம். இன்புட்டை ஏற்றினால், அதே அளவு உள்ளே இறக்கி அதுவே சரிசெய்துகொள்ளும். லைன் 6 ஹீலிக்ஸில் சூடான, அதாவது அதிகம் கத்துகிற, பிக்கப்புக்கென்று அளவைக் குறைக்கும் ‘பேட்’ இருக்கிறது. கெம்பரில் கிளீன் சென்ஸ், டிஸ்டார்ஷன் சென்ஸ் என இரண்டு தனித்தனி அமைப்புகள். மேனுவலில் இன்புட் பற்றிய ஒரு பக்கத்தையாவது படித்துவிடு, தம்பி. ஃபிராக்டல் செய்வதுபோல் ஈடுகட்டாத பெட்டிகளில் இன்புட்டைத் தொட்டாலே எல்லா பேட்ச்சின் டிரைவும் மாறும். அதனால் பேட்ச் செய்யத் தொடங்குமுன்பே இதை முடித்துவிடு.

5. சிவப்பைத் தொடாவிட்டால் தரம் போய்விடும் என்று பயப்படாதே. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் கணக்கு. 24 பிட் பெட்டியில் உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே நின்றால் இழப்பது 2 பிட். உன் பிக்கப்பின் சொந்த இரைச்சலே அதைவிடப் பல மடங்கு பெரிது. ஹம் வருகிறதே என்று இன்புட்டை ஏற்றுவதிலும் பயனில்லை, ஹம்மும் சேர்ந்துதான் ஏறும்.

6. இரண்டு கிட்டார் வைத்திருந்தால், சூடானதைக் கொண்டு அளவு வை. ஹம்பக்கருக்குச் சரியாக இருந்தால் சிங்கிள் காயிலுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

7. மீட்டர் பச்சையில் நிற்கிறது, சத்தம் மட்டும் உடைகிறதா? ஆக்டிவ் பிக்கப் என்றால் முதலில் 9 வோல்ட் பேட்டரியை மாற்று. சார்ஜ் இறங்கிய பேட்டரி கிட்டாருக்குள்ளேயே அலையை வெட்டிவிடும். எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமல் ப்ராசஸரைக் கடைக்குத் தூக்கிப்போவதைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

8. ப்ராசஸருக்கு முன்னால் பூஸ்ட் பெடல் வைத்தால், அதை அழுத்திய நிலையில் மறுபடி அளந்து பார். பெட்டிக்குள்ளிருக்கும் பூஸ்ட்டையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அது வாசலைத் தாண்டிய பிறகு வருவது.

9. சவுண்ட் செக்கில் மிக்சர்காரர் “கிட்டார் கம்மியா வருது” என்றால் கை இன்புட்டுக்குப் போகக் கூடாது. அவுட்புட்டைப் பார். அது ‘இன்ஸ்ட்ருமென்ட்’ நிலையில் இருந்து, மிக்சரின் லைன் சேனலில் செருகியிருந்தால், ‘லைன்’ நிலைக்கு மாற்று. மாற்றுமுன் அவரிடம் சொல்லி அந்தச் சேனலை இறக்கச் சொல். சொல்லாமல் மாற்றினால் ஸ்பீக்கர் அலறிவிடும்.