கலங்கல் கடலுக்கு எந்த டார்ச்?

கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று தெற்கே நீளும் புதுக்கோட்டைக் கரையில் கடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறு நிறைந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய இந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புல்லைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஸ்கூபா கற்றவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. அவர்கள் டார்ச் வாங்கும்போது முதலில் கேட்பது, "எத்தனை லூமென்?" இந்தக் கடலுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒளி எவ்வளவு குறுகலாகப் பாய்கிறது?

குறுகிய ஒளியா, விரிந்த ஒளியா?

மார்கழி விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனிக்குள் ஹைபீம் போட்டுப் பாருங்கள். சாலை மறைந்து வெள்ளைச் சுவர்தான் தெரியும். கலங்கிய தண்ணீரிலும் அதேதான் நடக்கும். மிதக்கும் ஒவ்வொரு தூசியும் ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

100 பாகைக்கு மேல் விரியும் வீடியோ லைட் எல்லாத் தூசியையும் ஒரே நேரத்தில் ஒளிர வைக்கும். 10 பாகை அளவில் பாயும் டார்ச் அந்தக் கலங்கலை ஊடுருவி ஓரளவு தூரம் காட்டும். உடன் வருபவருக்குச் சைகை காட்டவும் இதுவே வசதி. தரையில் ஒளியால் வட்டம் போட்டால் 'நலம்', வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆபத்து'.

வீடியோ லைட்டுக்கும் வேலை இருக்கிறது. தண்ணீர் சிவப்பு நிறத்தைச் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். அதை மீட்டுத் தருவது பக்கத்திலிருந்து விழும் ஒளிதான். ஓரிரு அடி தூரத்தில் படம் எடுப்பவர்கள் இதை வாங்கலாம். கேமராவை ஒட்டி வைக்காமல், கை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

லூமென் கணக்கு

'10,000 லூமென், ஒரே பேட்டரி' என்று விளம்பரம் வந்தால் ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். ஒரு 21700 பேட்டரியில் இருப்பது சுமார் 18 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். பத்து, பதினொரு நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். அதே பேட்டரி 1,000 லூமெனை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தரும். நமக்கு அது போதும்.

சுவிட்சும் ஓ-ரிங்கும்

தலையைத் திருகி எரியவைக்கும் டார்ச் விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு திருகலிலும், தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உரசித் தேயும். உடலில் துளையில்லாத காந்த சுவிட்ச் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எதை வாங்கினாலும் மூடியைக் கழற்றி ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முடி, ஒரு மணல் துகள் இருந்தாலும் அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்துவிடும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவி மூடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். '100 மீட்டர் ஆழம் தாங்கும்' என்ற எண்ணுக்காக இங்கே அதிகம் செலவழிக்க வேண்டாம்.

என் தேர்வு

1,000 லூமென், 10 பாகை அளவிலான குறுகிய ஒளி, காந்த சுவிட்ச் கொண்ட டார்ச் ஒன்று. அது அணைந்தால் மேலேறி வர, சட்டையில் கொக்கி போட்டு மாட்டும் சிறிய டார்ச் இன்னொன்று. இரவில் இறங்குகிறவர்கள் இந்த இரண்டாவதை மறக்கவே கூடாது. வீடியோ லைட் அதற்கப்புறம்தான்.

இறங்குமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்பசுவோ ஆமையோ எதிர்ப்பட்டால் ஒளியை அதன் முகத்தில் அடிக்காமல் தரைக்குத் திருப்புங்கள். விளக்கொளியில் மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது. நம் கையிலுள்ள டார்ச் பார்ப்பதற்கு மட்டுமே.